யார், யாரிடம், ஏன்: பரதத்தில் பாவம் பிறக்கும் இடம்

பரதநாட்டிய நிகழ்ச்சிக்குப் போகும் பலருக்கு ஜதிஸ்வரம் என்ற தாள ஆட்ட உருப்படி வரையும் சிக்கல் இல்லை. தாளம் கேட்கிறது, கால் தெரிகிறது, ஆட்டக் கோவையை முடித்துவைக்கும் தீர்மானம் பிசகாமல் விழுந்தால் கைதட்டலாம். பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் காட்டும் பதம் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. ஆடுகிற பிள்ளை ஓரிடத்தில் நின்றோ இருந்தோ கண்ணையும் கையையும் அசைக்கிறாள். பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். கொழும்பில் எந்த மண்டபமானாலும் சபையில் சலசலப்பு எழுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். கைத்தொலைபேசிகள் வெளிச்சம் விடுகின்றன. "இன்னும் எத்தினை உருப்படி இருக்கு?" என்று யாரோ மெதுவாகக் கேட்கிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் மேடையில் என்ன நடக்கிறது, பாவம் என்ற உணர்ச்சி வெளிப்பாடு எப்படிப் பிறக்கிறது என்று புரிந்துவிட்டால், நிகழ்ச்சி முழுவதிலும் அதற்காகவே காத்திருக்கத் தொடங்கிவிடுவீர்கள். பரதம் பழகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு திரியும் பெற்றோருக்கும், மேடைக்குக் கீழே இருந்து பார்ப்பவர்களுக்கும் அதை விளக்கிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வீட்டுக் காட்சி

வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீடு. ரியூஷன் ஆறு மணிக்கு முடிந்திருக்க வேண்டும். ஏழாகிவிட்டது, மகளைக் காணவில்லை. வெளியே மழை கொட்டுகிறது. காலி வீதியில் வாகனங்கள் நகரவில்லை. மகளின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறது. தாய் என்ன செய்வார்? பல்கனிக்குப் போவார், எட்டிப் பார்ப்பார், உள்ளே வந்து அடுப்பைக் குறைப்பார், மறுபடியும் போவார். மழைக்கு எங்கேயாவது ஒதுங்கி நிற்பாள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வார். அடுத்த நிமிடம் வேறு நினைப்பு வந்து நெஞ்சு பதறும். உள்ளங்கை வியர்க்கும். லிஃப்ற் சத்தம் கேட்டதும் கதவடிக்கு ஓடுவார். வந்தது பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் மகள் தெப்பமாக நனைந்து வந்து நிற்கிறாள். தாய் சிரிப்பாரா? "எங்கேயடி போனனி இவ்வளவு நேரமும்?" என்று ஏசுவார். ஏசிக்கொண்டே துவாயை எடுத்துத் தலையைத் துடைத்துவிடுவார்.

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் பெயரிட்டுச் சொல்லும் உறுப்புகள் அனைத்தும் இந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. அடியில் அசையாமல் கிடக்கும் உணர்ச்சி ஸ்தாயி பாவம். இங்கே அது பிள்ளைமேல் உள்ள அன்பு. அதைக் கிளறிவிடும் காரணங்கள் விபாவம்: பிள்ளை, மழை, இருட்டு, எடுபடாத தொலைபேசி. வெளியே நமக்குத் தெரிவது அனுபாவம்: எட்டிப் பார்ப்பது, ஓடுவது, ஏசுவது. இடையில் வந்து வந்து போகும் ஐயம், நம்பிக்கை, பதற்றம், சலிப்பு எல்லாம் சஞ்சாரி பாவங்கள். இவை 33 என்று பரத முனிவர் கணக்குச் சொல்கிறார். உடம்பு தன்பாட்டில் காட்டிக்கொடுக்கும் வியர்வை, நடுக்கம், மயிர்க்கூச்சு, குரல் தழுதழுப்பது, கண்ணீர் போன்ற எட்டும் சாத்விக பாவங்கள்.

பெயர்களை மனப்பாடம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தாயின் மகிழ்ச்சி எப்படி வெளிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஏச்சாக வெளிப்பட்டது. அன்பு கூடக் கூட ஏச்சும் கூடியது. பழகத் தொடங்கும் பிள்ளையிடம் "தாய்க்குச் சந்தோஷம், காட்டு" என்று சொன்னால் பல் தெரியச் சிரிப்பாள். அது பிழையில்லை, ஆனால் உப்புச் சப்பு இல்லாதது. "ஒரு மணி நேரம் பயந்துகொண்டிருந்த தாய் நீ, இப்போதுதான் பிள்ளையைக் கண்டாய்" என்று சொல்லிப் பாருங்கள். அவள் முகம் வேறு வேலை செய்யும்.

எனக்கு இந்தக் கலையில் சொல்வதற்கு ஒன்று உண்டென்றால் அது இதுதான்: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், ஏன் இப்போது பேசுகிறார் என்ற மூன்றும் தெளிவாகாமல் முகத்தில் எதையும் வரவழைக்கக்கூடாது.

ரசம் மேடையில் இல்லை

பாவத்தையும் ரசத்தையும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். ஆடுபவர் காட்டுவது பாவம். பார்ப்பவர் மனதில் ஊறுவது ரசம். இதை விளக்க நாட்டிய சாஸ்திரமே அடுப்படிக்குத்தான் போகிறது. பல சரக்குகளும் கறிவகைகளும் சேர்ந்து உணவில் சுவை பிறக்கிறதல்லவா, அதேபோல் பல பாவங்கள் கூடி ரசம் பிறக்கிறது, அதைச் சுவைப்பவர் சபையில் இருக்கும் நல்ல ரசிகர் என்கிறது. ஆகவே ஆடுபவர் தாமே உருகித் தாமே அழுது முடித்துவிட்டால் வேலை ஆகிவிடாது. அவர் கண்ணில் நீர் கொட்டியும் சபை சும்மா இருந்தால் அங்கே பாவம் இருந்தது, ரசம் பிறக்கவில்லை. மாறாக, ஒரு துளி நீரும் இல்லாமல், கன்னத்தில் விரலை ஓட்டி அந்த விரலைப் பார்க்கும் ஒரு பார்வையில் முன்வரிசைப் பாட்டி சேலைத் தலைப்பை எடுத்தால் ரசம் பிறந்துவிட்டது.

ரசங்கள் எட்டு: சிருங்காரம் (காதல்), ஹாஸ்யம் (நகைச்சுவை), கருணை, ரௌத்திரம் (கோபம்), வீரம், பயானகம் (அச்சம்), பீபத்சம் (அருவருப்பு), அற்புதம் (வியப்பு). ஒன்பதாவதாகச் சாந்தம் பின்னாளில் சேர்ந்தது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் அதை வலுவாக நிலைநாட்டினார். நவரசம் என்ற பெயர் அப்படி வந்தது. நவரசத்தை ஒன்பது முகங்களாக வரிசையில் காட்டும் பயிற்சி வகுப்புகளில் உண்டு. முகத்தசை பழகுவதற்கு அது நல்லது. மேடையில் உணர்ச்சி அப்படி வரிசையில் வருவதில்லை. கோபத்துக்குள் அன்பு இருக்கும், சிரிப்புக்குள் அவமானம் இருக்கும்.

தமிழில் இதற்குத் தனி இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). என் மனதை மிகவும் கவர்வது அடுத்து வருவது. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணங்கள், வைக்கிறார் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் (எளிதில் நம்பும் தன்மை) என்ற நான்கிலிருந்து நகை பிறக்கும். அழுகை இளிவு (இகழப்படுதல்), இழவு, அசைவு (நிலை தாழ்தல்), வறுமை என்ற நான்கிலிருந்து பிறக்கும். அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண் (வீரம்), இசைமை (புகழ்), கொடை. புருவத்தை எவ்வளவு உயர்த்துவது என்று அங்கே அவர் சொல்லவில்லை. எதனால் அழுகை வருகிறது என்று கேட்கிறார். இழவில் அழுவதும் வறுமையில் அழுவதும் ஒரே அழுகை ஆகுமா? ஒருத்தி வாய்விட்டு அழுவாள், மற்றவள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் அழுவாள். இந்த வேறுபாடு தெரிந்த ஆடற்பிள்ளைக்குக் கருணை ரசம் ஒரே முகமாக இருக்காது.

இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகக் கட்டடங்களில் இலங்கைப் பல்கலைக்கழகம் இயங்கிய காலத்தில் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சுவாமி விபுலாநந்தர், அதற்கு முன்பே 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் தமிழ் நாடக இலக்கணத்தையும் சேக்சுபியரின் நாடகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தவர். மெய்ப்பாட்டைப் பரீட்சைக்கான சூத்திரமாக மட்டும் வைத்திருக்காமல் மேடைக்கு இழுத்துவந்த அந்த முயற்சியை நடன மாணவர்களும் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்

சீர்காழி முத்துத் தாண்டவர் பாடிய ஒரு பதம், கமாஸ் ராகத்தில் கேட்டிருப்பீர்கள்:

தெருவில் வாரானோ என்னைச் சற்றே
திரும்பிப் பாரானோ

சிவபெருமான் உலா வருகிறான். அவன்மேல் காதல் கொண்டவள் தன் தெருவுக்கு அவன் வரமாட்டானா என்று ஏங்குகிறாள். சொல்லுக்குச் சொல் முத்திரை பிடித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். தெரு, வருதல், நான், திரும்புதல், பார்த்தல். இது பதார்த்தம், முதல் படி. பாடகர் அதே வரியை மறுபடி எடுக்கும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது.

இரண்டாம் முறை அவள் வாசலுக்கு வந்து தெருவின் கோடி வரை பார்க்கிறாள். ஒருவரும் இல்லை. மூன்றாம் முறை தூரத்தில் மேளச் சத்தம் கேட்கிறது. முதலில் காது பிடிக்கிறது, பிறகு தலை திரும்புகிறது, பிறகு கண் விரிகிறது. இந்த ஒழுங்கு முக்கியம், மூன்றும் ஒன்றாக நடந்தால் பொய்யாகத் தெரியும். நான்காம் முறை வீட்டுக்குள் ஓடிப் பூ வைக்கிறாள், கண்ணாடி பார்க்கிறாள், நெற்றிப் பொட்டைச் சரிசெய்கிறாள். ஐந்தாம் முறை ஊர்வலம் வருகிறது, அவன் முகம் தெரிகிறது, ஆனால் அவன் பார்வை எதிர்ப்பக்க வீடுகளில் இருக்கிறது. இப்போது "என்னைச் சற்றே" என்ற இடம் வருகிறது. வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை, ஒரு வார்த்தை பேசு என்றும் கேட்கவில்லை. போகிற போக்கில் கொஞ்சம் திரும்பினால் போதும் என்கிறாள். அவ்வளவு சிறிய ஆசையும் நிறைவேறாதபோது முகத்தில் என்ன வரும்? கோபமா, வெட்கமா, தெருவார் பார்த்துவிட்டார்களோ என்ற கூச்சமா? ஆடுபவர் தீர்மானிக்க வேண்டும். ஒரே வரியைக் கதையாக விரித்து ஆடும் இந்த முறைக்கும் சஞ்சாரி என்றே பெயர். பாடகர் ஏன் திரும்பத் திரும்பப் பாடினார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

கொழும்பில் வளரும் பிள்ளைக்குச் சிதம்பரத்துத் தெரு தெரியாமல் இருக்கலாம். ஆடிவேல் தெரியும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் ஊர்வலம் வரும் நாளில் காலி வீதி ஓரத்தில் நின்றிருப்பாள். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்திருப்பாள், முன்னுக்கு நின்ற உயரமான மாமாவால் ஒன்றும் தெரியாமல் தவித்திருப்பாள், தேர் கடந்துபோனதும் வரும் வெறுமையை அறிந்திருப்பாள். ஆசிரியை அந்த நினைவைத் தட்டி எழுப்பினால் போதும். காதலின் ஆழம் பிறகு வயதோடு வரும், காத்திருத்தலின் உடல்மொழி இப்போதே அவளிடம் இருக்கிறது.

கை, கண், மனம்

பாட்டின் பொருளையும் உணர்ச்சியையும் சபைக்குக் கொண்டுபோகும் அபிநயம் நான்கு வகை. உடலால் காட்டுவது ஆங்கிகம், சொல்லாலும் பாட்டாலும் வருவது வாசிகம், உடை அணி ஒப்பனையால் வருவது ஆஹார்யம், உள்ளத்திலிருந்து கிளம்புவது சாத்விகம். ஒப்பனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் அரங்கேற்றம் என்றால் சேலை, நகை, ஒப்பனைக்குக் குடும்பங்கள் நிறையவே கவனம் செலுத்துகின்றன. அந்தக் கவனத்தில் ஒரு பங்கைப் பாட்டின் பொருளுக்கும் கொடுக்கலாம்.

ஆங்கிகத்துக்கு இங்கு பெரும்பாலான வகுப்புகளில் வழிகாட்டுவது நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம். தலையசைவு 9, கண் பார்வை 8, கழுத்தசைவு 4, ஒற்றைக்கை முத்திரை 28 என்று அது வகுத்துத் தருகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இவற்றைச் சுலோகமாகச் சொல்லுவார்கள். இந்த நூலை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோனவர்களில் ஒருவர் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து அவர் செய்த மொழிபெயர்ப்பு 1917இல் வெளிவந்தது. கொழும்பு நடன மாணவர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

அந்த நூலில் எல்லாரும் அறிந்த சுலோகம் ஒன்று உண்டு. கை எங்கே போகிறதோ அங்கே கண், கண் எங்கேயோ அங்கே மனம், மனம் எங்கேயோ அங்கே பாவம், பாவம் எங்கேயோ அங்கே ரசம் என்பது அதன் கருத்து. சொல்வது எளிது. மேடையில் நடப்பதைப் பாருங்கள்: கை தாமரையைக் காட்டும், கண் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரைத் தேடும். கை கண்ணனைத் தூக்கும், கண் வீடியோக்காரர் நிற்கும் திசையில் இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் நம்பிக்கை விட்டுப்போகும். தாமரை இருக்கும் இடத்தை ஆடுபவர் உண்மையாகவே பார்த்தால் சபையும் அதைப் பார்க்கும். வீட்டில் பழகும்போது பொருள்களை உண்மையான இடத்தில் வைத்துப் பழகலாம். இந்த மூலையில் தொட்டில், அந்தச் சன்னலில் நிலவு, வாசற்படியில் தோழி. இடம் மாறாமல் இருந்தால் கண் தானாக அங்கே போகும்.

கடைசி வரிசையில் இருப்பவருக்குப் புருவம் தெரியாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். சோகம் முதுகில் தெரியலாம், கோபம் மூச்சில் தெரியலாம், நாணம் பாதத்தின் பெருவிரலில் தெரியலாம். நம் தீவின் தென்கரையில் அம்பலாங்கொடைப் பக்கத்துக் கோலம் என்ற நாட்டார் கூத்தின் ஆட்டக்காரர்கள் மரமுகமூடி அணிந்து ஆடுகிறார்கள். முகமே மூடியிருக்கிறது, அப்படியிருந்தும் கிழவனின் தள்ளாமையும் அதிகாரியின் மிடுக்கும் சனத்துக்கு விளங்குகின்றன. பரதம் பழகும் பிள்ளைகள் ஒருமுறை முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு அதே பதத்தை ஆடிப் பார்க்கட்டும். பாவம் உடம்பில் இறங்கியிருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அதோடு, அசையாமல் நிற்கவும் பழகவேண்டும். ஓர் உணர்ச்சியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் முகத்துக்குக் கொஞ்சம் நேரம் தேவை. அந்தத் தாய் லிஃப்ற் கதவில் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்ட கணத்தை நினையுங்கள். நம்பிக்கை வடிகிறது, ஏமாற்றம் இன்னும் முழுதாக வரவில்லை. அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் அதற்குள் நின்றுகாட்டத் தெரிந்தவரே தேர்ந்த கலைஞர்.

1976இல் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய், பரதக் கலைஞர் தஞ்சை பாலசரஸ்வதியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட பாலசரஸ்வதி கடற்கரையில் நின்று, குழந்தைக் கண்ணனைத் தாய் அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அபிநயம் செய்கிறார். மேடை இல்லை, விளக்கு வித்தை இல்லை, காற்று சேலையை இழுக்கிறது. முத்திரைகள் எளியவை, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்தவை. ஆனால் அழைக்கும் விதம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அவர் ஆடும்போது தாமே பாடும் வழக்கமும் உடையவர். சொல்லின் எந்த எழுத்தில் உருக்கம் இருக்கிறது என்பது அதனால் அவருக்கு உடம்போடு தெரிந்திருந்தது. ஆடுகிற பாட்டைப் பாடிப் பழகுங்கள் என்று நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது இதனால்தான். குரல் நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளும் சிருங்காரமும்

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி விரகதாபத்தை ஆடுவாள்? நியாயமான கேள்வி. வர்ணம் என்ற நீண்ட உருப்படிகளிலும் பதங்களிலும் பெரும்பகுதி நாயகி தலைவனுக்காக ஏங்குவதே. சிருங்காரத்தின் இடம் பற்றிப் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. 1936இல் கலாக்ஷேத்திரா கலைப்பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் பக்தியை முன்னிறுத்தினார், உடல் காதலை வெளிப்படையாகச் சொல்லும் பகுதிகளை ஒதுக்கினார். தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி சிருங்காரமே எல்லாவற்றிலும் உயர்ந்தது, அதை ஒதுக்கினால் கலையின் உயிர் போய்விடும் என்று நின்றார்.

என் எண்ணம் இது. பெரியவர்கள் ஆடும்போது பாலசரஸ்வதி சொன்னதே சரி. பிள்ளைக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. வெண்ணெய் திருடும் கண்ணன், அவனை உரலில் கட்டும் யசோதை, தில்லைக்குப் போக ஏங்கும் நந்தனார், முருகனோடு வாதாடும் ஔவை. இவற்றில் குறும்பு, பயம், ஏக்கம், அவமானம், பகிடி எல்லாம் உண்டு. நந்தனாரின் கதையில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் துயரம் இருக்கிறது. வகுப்பில் ஒதுக்கப்பட்ட அனுபவம் உள்ள எந்தப் பிள்ளையும் அதைத் தொடமுடியும். புரியாத காதலுக்குப் பெரியவரின் முகபாவத்தைப் பார்த்துப் பிரதிபண்ணச் சொல்வது பிள்ளைக்கும் நல்லதல்ல, காதலுக்கும் நல்லதல்ல.

இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கவாத்தியக் கலைஞர்களை நேரில் அழைப்பது செலவான காரியம். யாழ்ப்பாணத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரவழைத்தால் இன்னும் கூடும். அதனால் ஒலிப்பதிவுக்கு ஆடுவது பரவிவிட்டது. பொருள் காட்டாத தாள ஆட்டமான நிருத்தத்துக்கு அது தாங்கும். பதத்துக்குத் தாங்காது. பதிவில் வரி மூன்று முறைதான் வரும் என்றால் மூன்று முறைதான். ஆடுபவருக்கு அன்று ஒரு புது எண்ணம் தோன்றினாலும் பாடகர் காத்திருக்க மாட்டார். முழு நிகழ்ச்சிக்கும் வசதி இல்லாவிட்டால், ஒரேயொரு பதத்துக்காவது ஒரு பாடகரையும் ஒரு தம்புராவையும் மேடையில் இருத்துங்கள். ஆடுபவரின் கண்ணைப் பார்த்துப் பாடும் குரல் ஒன்று இருந்தால் அபிநயம் மூச்சுவிடும்.

இனிச் சபைக்கு வருவோம். நம் நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளர் ராகம், தாளம், இயற்றியவர், நெறியாள்கை செய்தவர் பெயர்களை வாசிப்பார். பாட்டு தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கும். "இது கிருஷ்ணர்மீது அமைந்த பதம்" என்று ஒரு வரியில் விட்டுவிடுவார். சபைக்கு வேண்டியது அந்த மூன்று கேள்விக்கான விடை. யார் பேசுகிறார், யாரிடம், ஏன் இப்போது. நான்கு வசனம் போதும்: "நேற்றிரவு வருவதாகச் சொன்னவன் வரவில்லை. விடிந்த பிறகு வந்து நிற்கிறான். மார்பில் வேறொருத்தியின் சந்தனம். நாயகி அவனிடம் பேசுகிறாள்." இதைத் தமிழிலும், சபையில் சிங்கள நண்பர்கள் இருந்தால் சிங்களத்திலும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு விளக்கைக் குறையுங்கள். அறிவிப்பை ஆடுகிற பிள்ளையே எழுதட்டும், ரீச்சர் திருத்திக் கொடுக்கட்டும். நான்கு வசனத்தில் எழுதமுடியவில்லை என்றால் அந்தப் பதம் இன்னும் மேடைக்குத் தயாராகவில்லை, இன்னொரு மாதம் பழகலாம்.